48 மணித்தியாலத்தில் துப்பறியும் கேம்: எதை வெட்டலாம்?

வடலி | வெள்ளி இரவு

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று பேர் ஒரு கேம் ஜாமில், அதாவது குறித்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் போட்டியில், சேர்ந்திருக்கிறோம். தலைப்பு இன்று பின்னேரம் ஆறு மணிக்கு வந்தது: 'எல்லை'. ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குள் கேமை ஏற்றிவிட வேண்டும். கோட் நான், படம் நண்பன், கதையும் உரையாடலும் மச்சாள்.

தலைப்பைக் கேட்டதும் மச்சாள் சொன்னது, "எல்லை எண்டால் வேலிச் சண்டைதானே." அதில் இருந்து கதை வளர்ந்தது. ஓர் ஆச்சியின் நாலு பரப்பு வளவு அவருக்கே தெரியாமல் விற்கப்பட்டிருக்கிறது. உறுதி (காணிப் பத்திரம்) முடித்துப் பதிவும் ஆகிவிட்டது. செய்தது யார் என்று விளையாடுபவர் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போதைய திட்டம்: பன்னிரண்டு பாத்திரங்கள். கோட்டை, நூலகம், பஸ் நிலையம், நல்லூர் வீதி என்று நகரம் முழுக்கத் திரியலாம். ஐந்து முடிவுகள். துப்பறிபவர் ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர். என்ன சொல்கிறீர்கள்? எந்த எஞ்சினில் (கேம் செய்யும் மென்பொருளில்) செய்யலாம் என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

கோண்டாவில்_சைக்கிள் | வெள்ளி இரவு

தம்பி, முதலில் கணக்குப் பாருங்கள். பன்னிரண்டு பேரிடம் ஆளுக்குப் பத்து விசயம் கேட்கலாம் என்றால் 120 உரையாடல். ஒன்றுக்கு ஐந்து வரி வைத்தாலும் 600 வரி. அதுவும் எல்லாரும் கடைசி வரை ஒரே பதிலையே சொன்னால்தான். உறுதியைக் கண் முன்னால் வைத்த பிறகும் ஆள் பேச்சை மாற்றாவிட்டால் அது என்ன துப்பறிதல்? ஆகவே 1200 வரி. மச்சாள் சனி மத்தியானத்தோடு பேனையை எறிந்துவிட்டுப் போய்விடுவார்.

ஓர் ஒழுங்கை போதும். நாலு வீடு, வீட்டுக்கு ஓர் ஆள். ஆளுக்கு ஆறு விசயம், உறுதியைக் காட்டுமுன் ஒரு பதில், காட்டிய பின் ஒரு பதில். 48 உரையாடல். இதுவே கனம்தான், ஆனால் முடிக்கலாம்.

கோட்டைக்கும் நூலகத்துக்கும் இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. யாழ்ப்பாணம் என்று காட்டுவதற்காக மட்டும் வைத்தால் அது சுற்றுலாப் போஸ்ட்கார்ட். படலையும் கிணற்றடியும் கிடுகு வேலியும் இருந்தால் எங்கள் சனத்துக்கு இடம் விளங்கும்.

அடுத்தது பொலிஸ். இன்ஸ்பெக்டர் வந்து படலையில் நின்றால் எங்கள் ஒழுங்கையில் யார் வாய் திறப்பார்கள்? "எங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்ற ஒரே வரியில் கேம் முடிந்துவிடும். கேட்பவரிடம் மற்றவர்கள் ஏன் கதைக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

வடலி | வெள்ளி இரவு

ஓய்வுபெற்ற தபால்காரர் எப்படி? எந்த வீட்டுக்கு எந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது, பதிவுத் தபாலை யார் கையெழுத்து வைத்து எடுத்தது எல்லாம் அவருக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுப்பார்கள். மச்சாளுக்கு இது நல்லாய்ப் பிடித்துவிட்டது, இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார்.

கோண்டாவில்_சைக்கிள் | வெள்ளி இரவு

அருமை. ஆனால் உரையாடலை இப்போது எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் நடந்தது என்ன என்பதை ஒரே பக்கத்தில், நாள் வாரியாக எழுதட்டும். கேமில் அந்தப் பக்கம் வராது, ஆனால் எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். பிறகு நாலு பேருக்கும் ஆளுக்கு மூன்று வரி: இவருக்கு என்ன தெரியும், எதை மறைக்கிறார், எதைப் பிழையாக நம்புகிறார். மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். பொய் சொல்பவர்கள் மட்டும் இருந்தால் கேம் அலுத்துவிடும். உண்மை என்று நம்பிப் பிழையான தகவல் சொல்கிற ஒருவர் இருந்தால்தான் சுவை.

சுட்டெலி | வெள்ளி இரவு

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முடிவுகளை வெட்டி, இடங்களை வெட்டி, ஆட்களையும் வெட்டினால் மிஞ்சுவது கதைப் புத்தகம்தான். விளையாடுபவரின் தெரிவு கதையை மாற்ற வேண்டாமா?

நல்லெண்ணெய் | வெள்ளி இரவு

கோவையிலிருந்து எழுதுகிறேன். சுட்டெலி, காதல் கதையில் தெரிவு கதையை மாற்றலாம். துப்பறியும் கதையில் குற்றம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, உண்மை ஒன்றுதான். மாறுவது நமக்கு அது எந்த வரிசையில் தெரிய வருகிறது என்பதுதான். 2015இல் வந்த 'ஹெர் ஸ்டோரி' என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் விசாரணை வீடியோத் துண்டுகள், ஒரு தேடல் பெட்டி, அவ்வளவுதான். ஒரு சொல்லைத் தட்டினால் அது வரும் துண்டுகளில் முதல் ஐந்து மட்டும் காட்டும். மீதியைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் கூர்மையான சொல்லை யோசிக்க வேண்டும். கிளைக் கதை இல்லாமலே ஒவ்வொருவரும் வேறு வேறு பாதையில் போவார்கள். அவசரத்தில் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எஞ்சின் விஷயம். நீங்கள் தமிழில்தானே எழுதுகிறீர்கள்? அப்படியானால் வேறு எதையும் செய்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்: 'கொக்குவில் கௌரி சொன்னாளோ' என்று ஒரு வரியைத் திரையில் போட்டு, பிரவுசரில் ஓடும் வடிவமாக எக்ஸ்போர்ட் செய்து, அதை ஒரு போனில் திறந்து பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா, கட்டம் கட்டமாக வருகிறதா என்று இன்றிரவே தெரிந்துவிடும்.

ட்வைன் அல்லது இங்க் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டுமே வலைப்பக்கமாக வெளியே வரும், தமிழை ஒழுங்காக வரைவது பிரவுசரின் வேலை. யுனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ இந்திய மொழி எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துத் தராது, இரண்டு நாள் ஜாமில் அதோடு மல்லுக்கட்ட நேரம் கிடையாது. கோடோ என்றால் 4 அல்லது அதற்குப் பிறகு வந்த பதிப்பு மட்டும். 3இல் எழுத்துகளைக் கோக்கும் வசதியே இல்லை, கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும்.

வடலி | வெள்ளி நள்ளிரவு

எனக்குக் கை பழகியது கோடோ 4தான், அதிலேயே போகிறோம். நல்லெண்ணெய் சொன்ன வரியைப் போட்டுப் பார்த்தேன். லேப்டாப்பில் அழகாக வருகிறது, பிரவுசரில் வெறும் கட்டங்கள். ஏன்?

நல்லெண்ணெய் | வெள்ளி நள்ளிரவு

எஞ்சினோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. லேப்டாப்பில் அது சத்தமில்லாமல் உங்கள் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கிக்கொள்கிறது. பிரவுசருக்குள் அந்த வசதி கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி கட்டற்ற உரிமத்தில் உள்ள ஒன்றைக் கேமுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. எழுத்து எழுத்தாகத் தட்டச்சு ஆவது போல் வசனத்தைக் காட்டப் போகிறீர்களா? அப்படியானால் 'கொ' வரும்போது முதலில் 'க' தோன்றும், அடுத்த நொடி இடப்பக்கம் கொம்பு முளைத்து வரி முழுவதும் நகரும். பார்க்கவே கண் வலிக்கும். எழுத்து எண்ணிக்கையை எப்போது வெட்டுவது என்று லேபிளில் ஓர் அமைப்பு இருக்கிறது, அதை எழுத்துகளைக் கோத்த பிறகு என்று மாற்றினால் சரியாகிவிடும். நேரமில்லையா, சொல் சொல்லாகக் காட்டுங்கள். தமிழுக்கு அதுவே வாசிக்க நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி.

பழைய_கிளார்க் | சனி காலை

நான் கேம் விளையாடுகிற ஆள் இல்லை, மகன் இந்த இழையைக் காட்டினான். ஒரு நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) அலுவலகத்தில் கனகாலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கள்ள உறுதி என்று எழுதிவிட்டால் போதாது. எப்படிக் கள்ளம் என்று உங்களுக்கு வடிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

காணி விற்பதென்றால் விற்பவர், நொத்தாரிசு, குறைந்தது இரண்டு சாட்சிகள், எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து கையெழுத்து வைக்க வேண்டும். இது 1840ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே ஒரு சாட்சி அன்றைக்கு வேறு ஊரில் நின்றார் என்று காட்டினாலே உறுதி ஆட்டம் காணும். இது சின்னத் துப்பு.

பெரிய துப்பு தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்தில், இருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சரியா பிழையா என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது, அது வேறு கதை. உங்கள் ஆச்சியின் கணவர் உயிரோடு இருந்தாரா?

வடலி | சனி காலை

ஐயா, மிக்க நன்றி. மச்சாளின் பக்கத்தின்படி விற்பனை நடந்தபோது தாத்தா படுக்கையில் இருக்கிறார், மூன்று மாதம் கழித்துத்தான் இறக்கிறார். அப்படியானால் உறுதியில் அவருடைய கையெழுத்து இல்லாததுதான் துப்பா?

பழைய_கிளார்க் | சனி காலை

இல்லைத் தம்பி. யாழ்ப்பாணத்து நொத்தாரிசு அந்தக் கையெழுத்தைக் கேட்காமல் விடமாட்டார், ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆச்சி என்று சொல்லி வேறொரு வயதான பெண்ணைக் கொண்டுபோய் இருத்துகிறார்கள். உறுதியில் அவரை விதவை என்று எழுதுகிறார்கள். விதவைக்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை. அந்த ஒரு சொல்லைப் போட்டவருக்குச் சட்டம் தெரியும், வீட்டு நிலைமையும் தெரியும். இனி நாலு பேரில் இரண்டும் தெரிந்தவர் யார் என்று தேடலாம்.

வடலி | சனி காலை

இங்கே மூன்று பேரும் கத்திவிட்டோம். தாத்தா இறந்த நாளைக் காட்டுவதற்கு மச்சாள் உடனே ஒரு வழி சொன்னார்: கல்வெட்டு. ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அடித்த அந்தச் சின்னப் புத்தகம் வீட்டுக்கு வீடு இருக்கும். பிறந்த நாள், இறந்த நாள், பிள்ளைகள், மருமக்கள், யார் எந்த நாட்டில், எல்லாம் அதிலேயே அச்சில் இருக்கிறது. குடும்ப உறவை விளக்க நாங்கள் எழுத வேண்டிய எத்தனையோ உரையாடல் இதால் மிச்சம்.

தெற்குக்_கடை | சனி மத்தியானம்

கொழும்பில் இருந்து வாசிக்கிறேன், அம்மா வழி மட்டக்களப்பு. தேசவழமை எனக்கே சரியாகத் தெரியாது. கனடாவில் பிறந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் மட்டும் அவிழ்க்கக்கூடிய புதிரா இது?

கோண்டாவில்_சைக்கிள் | சனி மத்தியானம்

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கேமை வெளியில் விடக் கூடாது. அவிழ்க்கத் தேவையான எல்லாமே கேமுக்குள் இருக்க வேண்டும், சட்டமும்தான். ஆனால் "தேசவழமை என்றால் என்ன" என்று ஒருவர் நின்று வகுப்பு எடுக்கவும் கூடாது. இரண்டாவது வீட்டில் வேறோர் உறுதி இருக்கட்டும். ஒழுங்கான உறுதி, அந்த வீட்டு அம்மா விற்றது, கீழே கணவரின் சம்மதக் கையெழுத்தும் இருக்கிறது. "உந்த மனுசன்ர கையெழுத்துக்காக நான் ஆறு மாசம் காத்திருந்தனான்" என்று அந்த அம்மா புறுபுறுக்கட்டும். போதும். இரண்டு உறுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத் தானாகவே விளங்கும். அப்படி விளங்குகிற அந்த நேரத்துக்காகத்தான் ஆட்கள் இந்த மாதிரிக் கேம் விளையாடுவது.

முக்கியமான முடிவு ஒவ்வொன்றுக்கும் மூன்று வழியாவது வையுங்கள். ஒன்றைக் கவனிக்காமல் விடுவார்கள், இன்னொன்றைப் பிழையாக விளங்குவார்கள், மூன்றாவது காப்பாற்றும்.

தறைக்காரன் | சனி மத்தியானம்

எல்லை என்று தலைப்பு வைத்துவிட்டு வேலியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. உறுதி வந்த கையோடு பக்கத்து வளவுக்காரன் இரவில் கதியாலை (வேலிக்கு நட்டுத் துளிர்க்கும் தடியை) பிடுங்கித் தள்ளி நட்டிருப்பான், இது ஊரில் புதிதா? பழைய கிளுவைக் கதியால் கைமொத்தத்துக்கு நிற்கும், பட்டை தடித்திருக்கும். புதிதாக நட்டது ஐப்பசி கார்த்திகை மழைக்குத்தான் துளிர்விடும். ஒரே வேலியில் பாதி தடித்த கதியால், பாதி இளந்தளிர் என்று வரைந்துவிட்டால் எப்போது தள்ளினார்கள் என்று பார்த்த உடனே சொல்லலாம். ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. படம் கீறுகிற தம்பியிடம் சொல்லுங்கள்.

மழைக்_கோடை | சனி பின்னேரம்

ஏன் இன்றைய காலம்? 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் வையுங்களேன். ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். எந்த வீட்டில் எத்தனை மணி வரை விளக்கு எரிந்தது என்பதே பெரிய துப்பு ஆகுமே.

வடலி | சனி பின்னேரம்

அக்கா, யோசனை நெஞ்சில் நிற்கிறது. ஆனால் அந்தக் காலத்தை அனுபவித்த பெரியவர்களோடு ஆறுதலாக இருந்து கதைத்துச் செய்ய வேண்டிய கேம் அது. நாளைப் பின்னேரத்துக்குள் அவசரமாகச் செய்து, ஒரு பொருளின் விலையையோ ஒரு நடைமுறையையோ பிழையாகக் காட்ட எங்களுக்கு விருப்பமில்லை.

தறைக்காரனின் வேலி கேமுக்குள் வந்துவிட்டது. நண்பன் அதை மட்டும் மினக்கெட்டு வரைகிறான், மற்ற வீடுகள் வெறும் கோட்டுச் சித்திரம்தான்.

சுட்டெலி | சனி பின்னேரம்

கொலை இல்லாமல் துப்பறியும் கேமா? யார் விளையாடுவார்கள்?

பழைய_கிளார்க் | சனி பின்னேரம்

காணிக்காகக் கோர்ட்டில் இருபது வருடம் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் விளையாடுவார்கள்.

சுட்டெலி | சனி இரவு

சரி சரி. ஆனால் உரையாடல் எந்தத் தமிழில்? ஊர்ப் பேச்சில் எழுதினால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு விளங்காது. எழுத்துத் தமிழில் எழுதினால் ஆச்சி செய்தி வாசிப்பது போல் இருக்கும்.

நல்லெண்ணெய் | சனி இரவு

தமிழ்நாட்டுக்காரனாகச் சொல்கிறேன், விளங்கும். "ஓமோம், அவன் நேற்று வந்தவன்" என்பதற்கு யாருக்கும் அகராதி வேண்டாம். தபால்காரரின் நோட்டுப் புத்தகத்தை மட்டும் எழுத்துத் தமிழில் வையுங்கள். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் அவர் இரண்டு வரி குறித்துக்கொள்வார். பேச்சு புரியாதவர் அதை வாசித்துக்கொள்ளலாம். கேட்டதை நினைவில் வைக்கவும் அது உதவும், எப்படியும் ஒரு குறிப்பேடு வேண்டும்தானே.

வடலி | ஞாயிறு காலை

எல்லாம் ஓடுகிறது, ஒரே ஒரு பெரிய பிரச்சினை. பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவனை விளையாடவிட்டோம். இரண்டு பேரோடு கதைத்தான், பிறகு 'குற்றம் சாட்டு' பொத்தானைத் தட்டி நாலு பெயரையும் வரிசையாக அமத்தினான். மூன்றாவது பெயரில் கேம் முடிந்தது. "நல்லா இருக்கு அண்ணை" என்று போய்விட்டான்.

கோண்டாவில்_சைக்கிள் | ஞாயிறு காலை

அந்தப் பெடியனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுங்கள், சரியான இடத்தைக் காட்டிவிட்டான். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' என்ற கேம் இதற்கு வைத்திருக்கும் பூட்டைப் பாருங்கள். 60 பேருக்கு என்ன நடந்தது என்று எழுத வேண்டும், ஆனால் ஒவ்வொன்றாகச் சரி பிழை சொல்லாது. மூன்று பேருடையது சரியாக வந்தால்தான் உறுதிப்படுத்தும். ஊகித்துத் தட்டுகிறவன் களைத்துப் போவான்.

உங்களுக்கு ஒரு பெயர் மட்டும் கேட்பது காணாது. மூன்று வெற்றிடம் வையுங்கள்: யார் செய்தது, ஆச்சியாக நடித்தது யார், எந்தக் காகிதம் எந்தக் காகிதத்தைப் பொய்யாக்குகிறது. ஒவ்வொன்றுக்கும் நாலு தெரிவு என்றால் 64 சேர்க்கை. மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் முடியும், எது பிழை என்று சொல்லக் கூடாது. யோசிப்பது தட்டிப் பார்ப்பதைவிடச் சுலபமாகிவிடும். கோட் மாற்றம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்காது.

நல்லெண்ணெய் | ஞாயிறு காலை

"இரண்டு சரி, ஒன்று தவறு" என்று மட்டுமாவது சொல்லலாமே. சுத்தமாக ஒன்றுமே சொல்லாவிட்டால் ஜாமில் விளையாடுபவர் மூடிவிட்டு அடுத்த கேமுக்குப் போய்விடுவார். வரிசையில் நூற்றுக்கணக்கான கேம்கள் காத்திருக்கும்.

கோண்டாவில்_சைக்கிள் | ஞாயிறு காலை

ஜாமுக்கு அது சரி. ஒத்துக்கொள்கிறேன்.

நல்லெண்ணெய் | ஞாயிறு மத்தியானம்

வடலி, கோடோவின் 4.3க்கு முந்தைய பதிப்பா? அப்படியானால் கேமை வெளியிடும் இட்ச் தளத்தில் ஏற்றும்போது ஷேர்ட்அரேபஃபர் என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும், இல்லையென்றால் கேம் திறக்கவே திறக்காது. 4.3இலோ அதற்குப் பிறகோ என்றால் அந்தக் கட்டம் தேவைப்படாத, த்ரெட் இல்லாத எக்ஸ்போர்ட் இருக்கிறது, அதை எடுங்கள். ஐந்தரை மணிக்கு ஏற்றலாம் என்று இருக்காதீர்கள். மூன்று மணிக்கு ஓடுகிற ஒன்றை ஏற்றிவிட்டு, பிறகு அதை மாற்றி மாற்றி ஏற்றுங்கள். கரண்ட் போனாலும் கையில் ஒன்று இருக்கும்.

வடலி | ஞாயிறு இரவு

ஏற்றியாகிவிட்டது! மூன்று வெற்றிடமும், "இரண்டு சரி" என்ற குறிப்பும் உள்ளே. ஐந்து முடிவில் ஒன்றுதான் மிஞ்சியது, அதுவும் ஒரே திரை: ஆச்சி வேலிக்கரையில் நின்று கதியாலைப் பிடுங்கச் சொல்கிறார். கல்வெட்டை நிறையப் பேர் அலங்காரப் பொருள் என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். அதற்காக மச்சாள் கடைசி நேரத்தில் ஒரு வரி சேர்த்தார். ஆச்சி தபால்காரரைப் பார்த்து, "அவற்ற கல்வெட்டில உங்கட பேரும் போட்டிருக்கு, பாத்தனீங்களோ?" என்று கேட்பார். யாரும் தன் பெயரைத் தேடாமல் இருக்க மாட்டார்களே.

யார் குற்றவாளி என்று இங்கே எழுத வேண்டாம், விளையாடிப் பாருங்கள்.

பழைய_கிளார்க் | திங்கள் காலை

மகன் விளையாடக் காட்டினான். இரண்டாவது தடவையில் பிடித்துவிட்டேன். ஒரு குறை: இரண்டாவது வீட்டு உறுதியின் அடியில் நொத்தாரிசின் அத்தாட்சிப் பகுதியே இல்லை. ஒழுங்கான உறுதி என்று காட்டுகிற காகிதம் அது. அதைப் பார்த்து அதுதான் கள்ளம் என்று நான் கொஞ்ச நேரம் அலைந்தேன்.

வடலி | திங்கள் காலை

ஐயா, படத்துக்குள் இடம் போதாது என்று நண்பன் வெட்டியிருக்கிறான். மதிப்பெண் போட்டு முடியும் வரை பிழை திருத்தம் மட்டும்தான் ஏற்றலாம், புதிதாக எதுவும் சேர்க்கக் கூடாது என்பது ஜாம் விதி. இது எதில் சேரும்?

சுட்டெலி | திங்கள் காலை

புது உள்ளடக்கம். விதி விதிதான்.

பழைய_கிளார்க் | திங்கள் காலை

அத்தாட்சி இல்லாத உறுதியை நான் பிழை என்றுதான் சொல்வேன். ஏற்றுங்கள் தம்பி. கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.